யாருக்கு அதிகம் தேவையோ...

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், ஆறே முக்கால் மணி. எங்கள் வீட்டு ஹாலில் இருபது பேர் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. இறங்கியவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. படியில் நின்றபடியே கேட்டார்.

"என் பேரை எதுக்கு மைக்குல சொல்லுதீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் அத்தனை நீளம். சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் நூறு வருஷத்துக்கு முந்தைய போர்ச்சுகலில் ஆரம்பிக்க வேண்டும்... வந்தவரோ கோவில்பட்டி லாரி டிரைவர். அவ்வளவு பொறுமை இருக்குமா?

உங்களுக்குப் பொறுமை உண்டு என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

அக்டோபர் வந்தால் எங்கள் தெருக் கத்தோலிக்கர்களுக்கு ஜெபமாலை மாதம். மாதா சொரூபம் தினம் ஒரு வீட்டுக்குப் போகும். சாயங்காலம் அந்த வீட்டில் கூடி, மணிமாலையை உருட்டி, பத்துப் பத்தாக ஐந்து சுற்று மாதாவை வாழ்த்தி ஜெபிப்போம். ஒவ்வொரு பத்தையும் ஒருவர் நடத்துவார். முடிந்ததும் சுண்டல், டீ. பாதிப் பேர் எதற்கு வருகிறார்கள் என்று நான் ஆராய்வதில்லை.

ஏற்பாடு எல்லாம் என் வீட்டுக்காரர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பின்கோடு எழுதாத கவரை எப்படிப் பார்த்தாரோ, அப்படித்தான் ஜெபத்தில் ஒரு வார்த்தையை விட்டவரைப் பார்ப்பார். இந்த வருஷம் ஆசையாக ஒரு சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கினார். வம்பும் கூடவே வந்தது.

ஒவ்வொரு பத்து முடிந்ததும் ஒரு குட்டி ஜெபம் உண்டு. பாவங்களை மன்னியும், நரக நெருப்பிலிருந்து மீட்டருளும் என்று போய், கடைசியில் 'உமது இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குச் சிறப்பாக உதவி புரியும்' என்று முடியும்.

முதல் வாரத்தில் ஒருநாள் மூன்றாம் பத்தை நடத்தியவர் லூர்தம்மாள். தெருக்கோடியில் தையல் மெஷின் போட்டிருப்பவர். என் எடை ஏறுவதையும் இறங்குவதையும் – பெரும்பாலும் ஏறுவதை – என் டாக்டருக்கு முன்னால் தெரிந்துகொள்பவர். 'யாருக்கு அதிகம் தேவையோ' வரை சரியாக வந்தார். ஒரு மூச்சு விட்டார். "என் தம்பி சூசைக்கு" என்று சேர்த்தார். "சிறப்பாக உதவி புரியும்" என்று முடித்துவிட்டார்.

மைக்கில்.

சூசை பின்தெருவில்தான் இருக்கிறார். அக்காவும் தம்பியும் பேசி ஆறு வருஷம் ஆகிறது. அவர்கள் அம்மா நாகலாபுரத்தில் இறந்தபோது சூசை நாக்பூர் பக்கம் லோடு ஏற்றிப் போயிருந்தார். தகவல் தெரிந்து அடித்துப் பிடித்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மூன்று மணி நேரம்தான் பிந்தினார். அன்றிலிருந்து அக்காவிடமும் பேச்சில்லை, கோயில் பக்கமும் வருவதில்லை.

ஜெபம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் லூர்தம்மாளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஜெபத்துல பேரு சேக்கக் கூடாதும்மா."

"யாருக்குன்னு சாமிக்குத் தெரியாமப் போயிருமோன்னு சொன்னேன், அண்ணாச்சி."

"சாமிக்கு எல்லார் அட்ரஸும் தெரியும்."

லூர்தம்மாள் தலையாட்டினார். மறுநாளும் தம்பி பேரைச் சொன்னார்.

அதற்கப்புறம் அது பரவிய வேகம் இருக்கிறதே... நாலாவது வீட்டில் ஒரு மருமகள், "எங்க அத்தைக்கு" என்று சேர்த்தாள். அடுத்த பத்தை நடத்திய அத்தை சும்மா இருப்பாரா? "எங்க வீட்டு மருமகளுக்கு" என்றார், இன்னும் கொஞ்சம் சத்தமாக. ஒருவர் மேலதிகாரி பேரைச் சொன்னார். எங்கள் பக்கத்து வீட்டு சுப்புலட்சுமி தினமும் குலதெய்வத்துக்கு விளக்கேற்றிவிட்டு ஜெபமாலைக்கும் வருகிறவர். அவரும் என் காதில் கிசுகிசுத்தார்.

"டீச்சர், புதூர்ல உளுந்து வெதச்சிட்டு மழைக்கு மானத்தைப் பாத்துக்கிட்டு இருக்கோம். எங்க கரிசலுக்கும் சேத்து ஒரு வார்த்தை கேளுங்களேன்."

கேட்டேன். என் வீட்டுக்காரர் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஜெபமாலையில் இதற்கு முன் யாரும் எதையும் சேர்த்ததே இல்லையா? டீச்சர் புத்தி. தேடிப் படித்தேன். ஜெபமாலையை மாதாவே ஒரு புனிதரிடம் நேரில் கொடுத்தார் என்பது மரபு. ஆராய்ச்சியாளர்களோ, கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்கிறார்கள். மடத்தில் துறவிகள் நூற்றைம்பது சங்கீதங்களைப் பாடியபோது, எழுத்து தெரியாத ஜனங்கள் அதற்குப் பதிலாகத் தெரிந்த ஒரு ஜெபத்தையே நூற்றைம்பது முறை மணியை எண்ணிச் சொன்னார்களாம். மாதாவை வாழ்த்தும் ஜெபத்தில்கூட ஆரம்பத்தில் முதல் பாதிதான் இருந்ததாம். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்கிற பின்பாதி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. லூர்தம்மாள் பேர் சேர்த்த அந்தக் குட்டி ஜெபம் இருக்கிறதே, அதுவும் போர்ச்சுகலில் ஆடு மேய்த்த மூன்று பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்துச் சொல்லித் தந்தது. நூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்குள் கோவில்பட்டி வரை வந்துவிட்டது.

சுப்புலட்சுமிக்கு அந்த இடம் மட்டும் பிடித்துப் போயிற்று.

"ஆடு மேய்க்குத பிள்ளைகளா? எங்க புதூர்ல ஆடு மேய்க்குதவ இப்படி ஒண்ணு சொன்னா யாரு நம்புவா?"

"அங்கேயும் முதல்ல நம்பலையாம்" என்றேன்.

தைரியம் வந்து வீட்டுக்காரரிடம் போனேன். "வியாழக்கிழமை ஒவ்வொரு பத்துக்கும் முன்னால இயேசு வாழ்க்கையிலருந்து ஒண்ணு சொல்லுதோமே, ஒளியின் மறைபொருள், அது சேந்ததே நம்ம கல்யாணத்துக்கு அப்புறம்தானே? லூர்து சேத்தா மட்டும் தப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது போப்பாண்டவர் சேத்தது. மத்தது மாதா சொன்னது. இது தையக்கடையில சேத்தது. வித்தியாசம் இல்லையா?"

இருக்கிறதுதான்.

இந்த நிலையில்தான் போன செவ்வாய்க்கிழமை மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஸ்பீக்கரை எடுத்துப் பின்பக்கச் சன்னலில் வைத்தது யார்? நான்தான், ஹாலில் இடம் அடைக்கிறதென்று. சூசை அன்றுதான் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறார். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர் காதில், உலகத்திலேயே இரக்கம் அதிகம் தேவைப்படுகிறவர் என்று தன் பெயர் விழுந்தால் எப்படி இருக்கும்?

வாசலில் நின்றவர் அவர்தான்.

லூர்தம்மாள் எழுந்திருக்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "நாந்தான் சொன்னேன்" என்றார்.

"நான் என்ன பாவம் பண்ணிட்டேன்? அம்மாவைப் புதைக்க அவசரப்பட்டது நானா?"

"உன் போனு அணைஞ்சு கெடந்துச்சு. நீ எங்கன வாரன்னு எனக்கு எப்படித் தெரியும்? சித்திரை வெயிலு. ஐஸ் பெட்டிக்குக் கரண்டு இல்ல. பொறுக்காதுன்னு ஊரே சொல்லுச்சு."

"ஊரு சொல்லும். எந்தம்பி வந்துருவான்னு நீ சொல்லிருக்கணும்."

"சொன்னேன்ல. மூணு தடவ சொன்னேன்." லூர்தம்மாளின் குரல் இறங்கியது. "நாலாவது தடவ கேட்டாக. அப்ப சொல்லல."

சூசை படியை விட்டுத் திரும்பினார். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"தம்பி" என்றார் என் வீட்டுக்காரர். "நாலாம் பத்துக்கு ஆள் இல்ல. செருப்பைக் கழத்திட்டு வாங்க."

சமயோசிதமாகச் செய்தாரா, ஜெபமாலை பாதியில் நிற்கிறதே என்ற பதற்றமா? இன்றுவரை கேட்கவில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய் நீட்டினார். நீட்டிய மைக்கை வாங்காமல் இருப்பது நம் ஊரில் கஷ்டம். சூசை வாங்கினார்.

அவருக்கு இப்போது நாங்கள் சொல்கிற 'அருள் நிறைந்த மரியே வாழ்க' வாசகம் வரவில்லை. சின்ன வயதில் அம்மா சொல்லிக்கொடுத்தது வந்தது. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று பழைய ஜெபத்தை ஆரம்பித்தார். எங்களுக்கு அந்தப் பழைய பதில் நாக்கில் தடுமாறியது. ஆளுக்கு ஒன்றாக முணுமுணுத்தோம். ஒரே ஒரு குரல்தான் தடங்கலில்லாமல் வந்தது. "எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்று பத்து முறையும் லூர்தம்மாள்தான் பதில் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

பத்து முடிந்தது. குட்டி ஜெபம் சூசைக்கு மறந்திருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று வரி வரியாக எடுத்துக் கொடுத்தார். 'யாருக்கு அதிகம் தேவையோ' என்று சொன்ன சூசை அங்கேயே நின்றார்.

"எங்க அக்காவுக்கு" என்றார்.

பாசமாகச் சொன்னதாக நான் கதைவிட மாட்டேன். குரலில் கோபம் அப்படியேதான் இருந்தது. மீதியையும் சொல்லி முடித்தார். மைக்கைக் கொடுத்தார். சுண்டல் வாங்காமல் போய்விட்டார்.

ஜெபத்தில் பேர் சேர்த்ததற்காக என் வீட்டுக்காரர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அடுத்த வீட்டுக்கு ஸ்பீக்கரைத் தூக்கிப் போனபோது, "யாருக்காவது பேரு சொல்லணும்னா மைக்கை அணைச்சிட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் அறிவித்தார். தபால் இலாகா இவ்வளவு தூரம் இறங்கி வந்தது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை எல்லாம் மனிதர்கள் சாமியிடம்தான் சொல்கிறார்கள். சம்பந்தப்பட்டவர் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்கிறார்கள். ஜெபங்கள் இத்தனை நீளமாக வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ... எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் ஊகம்தான்.

சூசை புதன்கிழமை வந்தார். கதவோரமாக உட்கார்ந்தார். வியாழனும் வந்தார். லோடு இல்லையாம். அக்காவும் தம்பியும் இன்னும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

நேற்று டீ ஊற்றும்போது லூர்தம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார். "டீச்சர், அவனுக்குச் சுகர் கிகர் வந்திருக்கா, டீயில சீனி போடலாமான்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

"அந்தா உக்காந்திருக்காரே. நீங்களே கேட்டா என்ன?"

லூர்தம்மாள் காலண்டரை ஒரு பார்வை பார்த்தார்.

"அதுக்கென்ன டீச்சர் அவசரம்... மாசம் முடிய இன்னும் ஒம்பது நாள் கெடக்குல்லா."