களத்தைச் சுற்றிய புல்: திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு சனிக்கிழமை ஆட்டம்

வறண்ட ஊர்களில் இருக்கும் பழைய கோல்ஃப் மைதானங்களைத் தேடிப் போகிறவர்கள் என்னுடைய இந்த வலைப்பக்கத்தில் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். குழி இருக்கிற வட்டமான கிரீனைச் சுற்றிப் புல் மண்டிக் கிடந்து, பந்து அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டால் எப்படி எடுப்பது? பதில் இரண்டு மூன்று வரிதான். ஆனால் நான் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1983 டிசம்பரில், மதுரைக்குப் பக்கத்தில், என் கல்யாணத்தைப் பணயம் வைத்துத் தெரிந்துகொண்டேன். அதனால் போன கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் குன்னூரில் ஒரு தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தா. அப்பா அங்கே ஒரு கிளப்பின் சமையலறையில் வேலை பார்த்தவர். அந்தத் தயவில், துரைமார் தூக்கிப்போட்ட பழைய மட்டைகளை வைத்துக்கொண்டு நானும் ஆடக் கற்றிருந்தேன். எஸ்தர் அதே ஊரில் மிஷன் பள்ளியில் டீச்சர். இருவரும் முடிவு செய்துவிட்டோம். அவளுடைய அப்பா ஞானராஜ் மட்டும் முடிவு செய்யவில்லை. திருமங்கலம் பக்கம் ஒரு நூல் மில்லின் மேனேஜர் அவர். பாளையங்கோட்டையிலிருந்து ஓர் இன்ஜினீயர் வரன் வந்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை. வியாழக்கிழமை எஸ்தர் வந்து சொன்னாள்: “அப்பா உங்கள வரச் சொல்றாரு. மட்டையோட வரச் சொல்றாரு.”

மட்டையோடு பெண் கேட்கப் போனவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை குன்னூரில் பஸ் ஏறி, கோயம்புத்தூரில் மாறி, பழனி வழியாக மாலை ஆறு மணிக்கு மதுரை ஆரப்பாளையம் போய்ச் சேர்ந்தேன். அங்கேயே ஒரு லாட்ஜில் அறை. வாடகை பதினைந்து ரூபாய், மூட்டைப்பூச்சி இலவசம். காலையில் திருமங்கலம் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் என் பையைத் தட்டிப் பார்த்தார். “என்னண்ணே இது, எங்க சண்டைக்குப் போறீக?” என்றார். விளையாடுகிற மட்டை என்றேன். “அப்ப லக்கேஜ் வேணாம். சண்டைக்குன்னா டிக்கெட் போடணும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். பஸ்ஸே சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இருபது கிலோமீட்டர் தாண்டித் திருமங்கலத்தில் இறங்கினால், மில்லின் அம்பாசிடர் காத்திருந்தது. பின்சீட்டில் ஞானராஜ். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, கண்டிப்பான மீசை. “வா மாப்ள, ஏறு” என்றார்.

என் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. மாப்பிள்ளையா? அவ்வளவு சுலபமா? ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள் அவர் டிரைவரின் தோளைத் தட்டி, “வண்டிய எடு மாப்ள” என்றார். ரயில்வே கேட்டில் நின்றபோது வெள்ளரிக்காய் விற்க வந்தவரும் மாப்ளதான். துள்ளிய நெஞ்சு அடங்கி இடத்தில் உட்கார்ந்தது. மதுரைப் பக்கம் போகிற வெளியூர்க்காரர்களுக்கு இது என் முதல் எச்சரிக்கை: அந்தச் சொல்லை நம்பி ஜவுளிக்கடைக்குப் போய்விடாதீர்கள்.

உசிலம்பட்டி ரோட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர். இரண்டு பக்கமும் கரிசல், பருத்தி, அங்கங்கே பனை. வழி முழுக்க அவர் என்னிடம் எஸ்தர் பெயரைக் கூட எடுக்கவில்லை. ஒரே ஒரு வாசகம்தான் சொன்னார்: “ஆடுவோம். மத்ததெல்லாம் பெறகு.”

மைதானம் மில்லுக்குப் பின்னால் இருந்தது. ஒன்பது குழி. அங்கே கிரீன் பச்சையாக இருக்காது. வட்டமாக மணலைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை போட்டுக் கெட்டிப்படுத்தியிருப்பார்கள். அதைப் பார்த்த ஊர்க்காரர்கள் கதிரடிக்கிற களம் மாதிரி இருக்கிறதென்று களம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மேனேஜர் வரைக்கும் அதே பேச்சு. தினமும் தெளிக்கிற தண்ணீர் ஓரத்தில் கசிவதால், சுற்றுவட்டாரமே காய்ந்து கிடந்தாலும் களத்தைச் சுற்றி மட்டும் அருகும் கோரையும் முழங்கால் தொடுகிற அளவுக்கு மண்டியிருந்தன. வெட்டக் கூடாதா என்று கேட்டேன். மில்லுக்கு நிலம் கொடுத்த ஊரோடு ஒரு பேச்சு இருந்ததாம்: அந்தப் புல் அவர்கள் மாட்டுக்கு. மாட்டுப் பொங்கலன்று காலையில் ஊரே வந்து அறுத்துக்கொண்டு போகும். அதுவரை மில் அதில் அரிவாள் வைக்கக் கூடாது. ஆகவே மார்கழியில் அங்கே ஆடுகிறவன் பாடு திண்டாட்டம்.

எதிர் ஜோடி, உசிலம்பட்டி டாக்டர் ஒருவரும் மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டரும். எங்கள் ஜோடி, நானும் ஞானராஜும். ஜோடிக்கு ஒரே பந்து. மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். குறைந்த அடிகளில் குழிக்குள் போடுகிற ஜோடிக்கு அந்தக் குழி. அவர் செய்கிற தப்பை நான் சரிசெய்ய வேண்டும், நான் செய்வதை அவர். கைகுலுக்கும்போது டாக்டர் சிரித்துக்கொண்டே, “பாளையங்கோட்ட இடத்தக் கொண்டுவந்ததே நாந்தேன் தம்பி. தப்பா நெனச்சுக்கிறாதீக” என்றார். இதற்கு மேல் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது?

மூன்றாவது குழியிலேயே சோதனை வந்தது. ஞானராஜ் அடித்த பந்து களத்தை ஒட்டிய புல்லுக்குள் விழுந்தது. என் முறை. பந்தின் உச்சி மட்டும் புல்லுக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது. குழி பத்தடி தூரம்தான். “சும்மா தட்டிவிடு மாப்ள. பதமா” என்றார் அவர். குன்னூரில் கற்ற பாடம் அதற்கு நேர் எதிரானது. ஆனால் பெண்ணைப் பெற்றவர் சொல்கிறார். தட்டினேன். கோரை மட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. பந்து ஒரு சாண் நகர்ந்து மறுபடி உட்கார்ந்தது. அந்தக் குழி போயிற்று.

“என்ன மாப்ள, குன்னூர்ல இம்புட்டுத்தானா?” என்றார் ஞானராஜ். டாக்டர் வானத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் வெறியோடு ஆடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். எட்டாவது குழி முடிந்தபோது இரண்டு ஜோடியும் சமம். ஒன்பதாவதில் அவர்கள் ஐந்தே அடிகளில் பந்தைக் குழிக்குள் போட்டுவிட்டார்கள். எங்கள் மூன்றாவது அடி ஞானராஜுடையது. நேராகப் போய், களத்துக்கு முன்னால் இருந்த அடர்ந்த புல்லில் புதைந்தது. நான்காவது என்னுடையது. நான் பக்கத்தில் கொண்டுபோய் வைத்து அவர் உள்ளே தள்ளினால் சமம். இல்லையென்றால் தோல்வி.

“மூணாவது குழி மாதிரி அமுக்கிறாத. தட்டிவிடு, போதும்” என்றார். இந்த முறை மாப்ள இல்லை.

நின்றேன். உள்ளங்கை வேர்த்து மட்டை வழுக்கியது. இவர் சொல்கிறபடி தட்டினால் பந்து நகராது. தோற்கும்போது பழி என் தலையில். என் இஷ்டத்துக்கு அடித்துப் பந்து களத்தைத் தாண்டிப் பருத்திக்குள் போனால், சொல் பேச்சுக் கேட்காதவன் என்ற பெயரோடு ஆரப்பாளையத்துக்குத் தனியாகத் திரும்ப வேண்டும். மறுநாள் ஞாயிறு. பாளையங்கோட்டை காத்திருக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டேன். வெட்ஜ் என்கிற சரிவு மட்டையின் முகத்தை வானம் பார்க்கத் திறந்து வைத்தேன். உடம்பின் பாரத்தை இடது காலில் போட்டு, இடது கையை இறுக்கிப் பிடித்து, மட்டையைச் செங்குத்தாகத் தூக்கி, பந்துக்கு ஒரு விரற்கடை பின்னால் ஓங்கி இறக்கினேன். நிறுத்தவில்லை, கையைக் கடைசிவரை போகவிட்டேன். கொத்துப் புல் பிய்ந்து பறந்தது. பந்து அவசரமே இல்லாமல் மேலே எழும்பி, மணலில் பொத்தென்று விழுந்து, குழிக்கு அரை முழத்தில் நின்றது.

டாக்டர் ஈரச் சாக்கை எடுத்து, பந்துக்கும் குழிக்கும் நடுவில் இழுத்து, மணலை நிரவிக் கொடுத்தார். களத்தில் அது வழக்கம். ஞானராஜ் வந்து நின்றார். பந்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தள்ளினார். பந்து குழியின் விளிம்பை உரசிக்கொண்டு வெளியே போய் நின்றது.

தோற்றோம். தன் மில்லில், தன் சிநேகிதர்கள் முன்னால், அரை முழத்தில் அவர் விட்டுவிட்டார். அவர் முகம் கறுத்ததைப் பார்க்க எனக்கு என் கதை மறந்துபோயிற்று. வாய் தானாகத் திறந்தது.

“பரவால்ல மாமா.”

காலையிலிருந்து அவரை சார், சார் என்று கூப்பிட்டவன் நான். ஸ்பின்னிங் மாஸ்டர் இருமினார். டாக்டர் சாக்கைக் கீழே போட்டார். மாப்ள என்பது அங்கே யாருக்கும் சொல்லலாம். ஆனால் பெண்ணைப் பெற்றவரைப் பார்த்து, பெண் கேட்டு வந்தவன் மாமா என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஞானராஜ் மட்டையைப் பையில் செருகிவிட்டு, காரை நோக்கி நடந்தார்.

நானும் பின்னாலேயே போய் ஏறிக்கொண்டேன். என்னைத் திருமங்கலத்தில் பஸ் ஏற்றிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஊர் எல்லை வந்தபோது கேட்டார்: “நான் சொன்ன மாதிரி தட்டியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

இனி இழக்க என்ன இருக்கிறது? “பந்து அங்கயேதான் கெடந்திருக்கும் சார்.”

“அங்க வச்சு மாமாங்கிற. இங்க வச்சு சாருங்கிற. ஏதாவது ஒன்னுல நில்லுய்யா.”

“மாமா” என்று மட்டும் சொன்னேன். கார் பஸ் நிறுத்தத்தில் நிற்காமல் அவர் வீட்டுப் பக்கம் திரும்பியது.

இனி போகிறவர்களுக்கு. மழைக்குப் பிறகு, டிசம்பர் ஜனவரியில் போங்கள். வெயில் தாங்கும், ஆனால் புல் உச்சத்தில் இருக்கும். பத்து மணிக்குள் ஆட்டத்தை முடித்துவிடுங்கள். தண்ணீர் கையோடு வேண்டும். அடர்ந்த புல்லில் மென்மை காட்டாதீர்கள். புல் மட்டையின் முகத்தை மூடிவிடும், அதனால் திறந்து வைத்து, தைரியமாக இறக்குங்கள். மேலிருந்து விழுகிற பந்து மணலில் அதிகம் உருளாது என்பதால் குழிக்குப் பக்கத்திலேயே விழும்படி பாருங்கள். பாதி மனதோடு அடிப்பதைவிட அடிக்காமல் இருப்பது மேல்.

பதிவேற்றும் முன் இதை எஸ்தரிடம் படித்துக் காட்டினேன். மாமா அரை முழத்தில் விட்ட இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள்.

“சின்னப் பிள்ளையில அப்பாவுக்கு நாந்தேன் சாக்கு இழுப்பேன். அரை முழத்துல அவரு ஒரு பந்தக்கூட விட்டு நான் பாத்ததில்ல. அன்னைக்குத் தவறிப் போச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

மாமா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. என்னைச் சோதிக்கத்தான் வேண்டுமென்றே விட்டாரா என்று இனி யாரிடம் போய்க் கேட்பேன்?