கடைசிக் கதவின் சாவி

இன்று காலை வேலைக்குப் போக ஸ்டேஷனுக்கு நடந்தபோது பாதி வழியில் வயிறு முறுக்கத் தொடங்கியது. ஐபிஎஸ் (IBS) என்ற குடல் வருத்தம் இருப்பவர்களுக்குத் தெரியும், அதற்குப் பிறகு ஐந்து நிமிடம்தான்.

எதிரே இருந்த தமிழ்க் கடைக்குள் ஓடி, கல்லாவில் நின்ற கடைக்காரரிடம் கேட்டேன்.

“அண்ணை, டொய்லெட் பாவிக்கலாமோ?”

“அது வேலை செய்யிற ஆக்களுக்கு மட்டும், தங்கச்சி.”

பின்னால் நாலு பேர் நின்றார்கள். வியர்த்துக் கொட்டியது. அம்மாவிடம்கூடச் சொல்லாததை உரக்கச் சொன்னேன்.

“எனக்குக் குடல் வருத்தம் அண்ணை. இனி அடக்கேலாது.”

அரிசி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி சாவியை என் கையில் திணித்தார். “ஓடுங்கோ. கடைசிக் கதவு.”

வெளியே வந்தபோது அந்த அக்கா வாசலில் நின்றார். குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கும் அதுதான். இவருக்கே இன்னும் சொல்லேல்லை.”

உங்களில் எத்தனை பேர் வீட்டில் சொல்லவில்லை? இன்பாக்ஸுக்கு வாருங்கள். எந்தக் கடை என்று மட்டும் கேட்காதீர்கள்.