ஒழுங்கைக்குள் போகும் ரயர்

என் மச்சான், தங்கையின் கணவர், கொடிகாமத்துக்கு உள்ளே, வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் ஓர் ஒழுங்கையின் முடிவில் தோட்டம் செய்கிறார். பத்திரிகை வேலையை விட்ட பிறகு இடைக்கிடை அங்கே போய்த் தங்குவேன். கடந்த மாரியில் அவருடைய பிக்கப் வாகனம் கத்தரிக்காய் மூட்டைகளோடு தோட்டத்துச் சேற்றில் புதைந்தது. இழுத்து எடுப்பதற்குள் சந்தை கலைந்துவிட்டது. அடுத்த மாரிக்கு முன் சேற்றில் ஓடும் ரயர் போடுவதென்று தீர்மானித்து, என்னையும் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரிக்குப் போனார்.

கடையில் அவருடைய கண் ஒரே இடத்தில் நின்றது. அகலமான ரயர், ஆழமான பல், அதற்கென்று கறுப்பு ரிம். பூட்டினால் சில்லு வாகனத்தின் உடம்பைவிட வெளியே தள்ளி நிற்கும்.

“உதைப் போட்டால் சிங்கம் மாதிரி நிக்கும், மச்சான்,” என்றார் என்னிடம்.

“நிக்கும் அண்ணை,” என்றார் கடைக்காரர். “நிக்கவோ, ஓடவோ வாங்கிறியள்?”

“ஒழுங்கையாலை தோட்டத்துக்குப் போகோணும்.”

“அப்ப ஒழுங்கையை அளந்துகொண்டு வாங்கோ. இதே பல்லோடை ஒடுக்கமான ரயரும் இருக்கு. பழைய ரிம்மிலையே பூட்டலாம். சேத்தை வெட்டிக்கொண்டு இறங்கி, கீழை இறுகின மண்ணைப் பிடிக்கும்.”

மச்சானுக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. அளவு நாடாவை மட்டும் இரவல் வாங்கினார்.

ஒழுங்கையின் இரு பக்கமும் பச்சைத் தடிகளை நட்டுத் துளிர்க்கவிட்ட கதியால் வேலி. தோட்டத்துக்கு முன்னால் கடைசி வீட்டில் ஓர் அக்கா தனியாக இருக்கிறார். தோட்ட வாசலில் வாகனம் திருப்ப இடமில்லை. அவருடைய படலையைத் திறந்து, முற்றத்துக்குள் ஏற்றித்தான் திருப்ப வேண்டும். அவர் மறித்தால் மூட்டை ஏற்றிய வாகனம் ஒழுங்கை முழுவதும் பின்பக்கமாகவே வர வேண்டும். மழையில் அது நடக்காது.

அந்த அக்காவின் வேலியில்தான் நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறருடைய வேலியில் நாடா பிடித்தால் இங்கே என்ன அர்த்தம் என்பது, காணி வழக்குகளைச் செய்தியாக எழுதி வந்தவனுக்குத் தெரியாததல்ல. ரயர் நினைப்பில் இருவருக்கும் அது தோன்றவில்லை.

அக்கா படலைக்கு வந்தார். என் கண்ணாடியையும் சேட்டுப்பையில் இருந்த பேனையையும் பார்த்தார்.

“தம்பி, உவர் ஆர்? சேர்வேயரோ?”

“இல்லையக்கா, மனிசியின்ரை தமையன். ரயர் வாங்க அளக்கிறம்.”

“ரயரைக் கடையிலை அளப்பினம். வேலியைக் கோட்டுக்குப் போறவை அளப்பினம். எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ?”

மறுநாள் படலையில் பூட்டுத் தொங்கியது.

மச்சான் விளக்கம் சொல்லப் போகவில்லை. சொல்லச் சொல்லச் சந்தேகம்தான் கூடும் என்றார். கடைக்காரரைக் கெஞ்சி இரண்டு வகைச் சில்லையும் இரவலாக வாங்கி வந்து, படலைக்கு முன்னால் தன் வாகனத்தில் சாத்தி வைத்தார். வேலியில் படவிடவில்லை. நாடாவைப் படலைக்கு மேலால் நீட்டினார்.

“நீங்களே அளந்து பாருங்கோ அக்கா.”

அவர் வெளியே வந்தார். சில்லுகளை அளந்தார், வாகனத்தை அளந்தார். ஒழுங்கையை அளக்கும்போது நாடாவின் முனையை வேலியில் அல்ல, வேலிக்கு ஒரு சாண் வெளியே வைத்தார். தன்னுடைய உண்மையான எல்லை அதுதான் என்றார். மச்சான் என்னைப் பார்த்துவிட்டு நாடாவின் மறுமுனையைப் பிடித்தார்.

“உந்தத் தடியனைப் போட்டால் என்ரை கதியால் ஒண்டும் மிஞ்சாது. மற்றதைப் பூட்டு.”

“ஓமக்கா.”

கறுப்பு ரிம்மை மச்சான் கொஞ்சநேரம் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது வாகனத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நானும் யோசித்தேன். அழகாகத்தான் இருந்திருக்கும். ஒடுக்கமான ரயர் சேற்றில் என்ன செய்யும் என்பது மாரி வந்த பிறகுதான் தெரியும்.

புது ரயரோடு ஒழுங்கைக்குள் வந்தபோது படலை சாத்தியிருந்தது. பூட்டு இல்லை. மச்சான் ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார். அக்கா திறந்துவிட்டு, வேலியில் கண் வைத்தபடி சில்லோடு கூடவே நடந்தார். ஒரு கதியாலும் அசையவில்லை. வாகனம் திரும்பி வெளியே வந்த பிறகு முற்றத்தைப் பார்த்தார். காலையில் கூட்டிய மணலில் பல் பதிந்த தடம் ஆழமாக வளைந்து கிடந்தது.

“ஏர் பூட்டி உழுதமாதிரிக் கிடக்கு. இதை ஆர் கூட்டிறது?”

மச்சான் இறங்கிப் போய் விளக்குமாற்றைக் கையில் எடுத்தார்.