மறைத்து வைத்த வரிசைகள்

அந்த டயாலிசிஸ் மையத்தில் அவளுக்கு ‘லிஸ்ட் அக்கா’ என்று பெயர். பன்னிரண்டு நாற்காலிகள், நாற்பத்தெட்டு நோயாளிகள். யார், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்த நாற்காலியில் என்பதெல்லாம் அவள் கம்ப்யூட்டரில் போட்டு வைத்த அட்டவணையில் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் பகல் பன்னிரண்டு அடித்தால் ரிப்போர்ட் சாஃப்ட்வேர் அதைத் தானே படித்து, எல்லாருடைய போனுக்கும் ‘தவறாமல் வரவும்’ என்று செய்தி அனுப்பிவிடும். ஆறு வருடமாக ஒரு தொல்லையும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் வந்து பார்த்தபோது சாஃப்ட்வேர் அப்டேட் ஆகியிருந்தது. நன்றாக ஓடுகிற வண்டியின் சக்கரத்தைக் கழற்றி மாட்டுவதுதான் அப்டேட் என்பது அவள் கட்சி. பதினொன்றே காலுக்கு லிஸ்டைத் திறந்தாள். நாற்பத்தெட்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எழுபத்தொரு பேர். மூன்றாவது பெயர் இங்கே வந்துகொண்டிருந்த ஒரு தையல்காரருடையது. அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது.

தப்பு யாருடையது என்று உடனே தெரிந்துவிட்டது. தையல்காரர் போன அன்று அவருடைய வரிசையை அழிக்கத்தான் உட்கார்ந்தாள். விரல் போகவில்லை. முந்தின வாரம்தான் அவள் பையின் அறுந்த வாரை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரே கையால் தைத்துக் கொடுத்திருந்தார். அதனால் வரிசையை அழிக்காமல் மறைத்து வைத்தாள்; மறைந்திருப்பதை சாஃப்ட்வேர் படிக்காது. அடுத்தவர் போனபோதும் அப்படியே. பழைய ரசீதைக்கூடத் தூக்கிப் போடாதவள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். இது அவருக்குத் தெரியாது.

சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

“புது வெர்ஷன் ஃபைலை மாத்தி சேவ் பண்ணும்போது மறைச்சு வெச்சதையெல்லாம் திறந்துடும் மேடம்,” என்றான் அங்கிருந்தவன்.

“மறைச்சு வெச்சது எதுன்னு திரும்பக் கண்டுபிடிக்க முடியுமா?”

“முடியாது மேடம். அதே ஃபைல் மேலயே சேவ் ஆகியிருக்கு.”

“பன்னெண்டு மணி மெசேஜையாவது நிறுத்துங்க சார். இறந்தவங்க வீட்டுக்கெல்லாம் போயிடும்.”

“அதுக்கு உங்க தலைமை ஆபீஸ் அனுமதி வேணுமே,” என்று கை கழுவிவிட்டான். தலைமை அலுவலகத்தில் எல்லாரும் மீட்டிங்கில் இருந்தார்கள்.

லிஸ்ட் அகர வரிசையில் இருந்தது. உயிரோடு இருப்பவரும் இல்லாதவரும் கலந்து கிடந்தார்கள். இறந்தவர் பெயர் ஒன்று நின்றுவிட்டால் ஒரு வீட்டில் மறுபடி அழுகை. இருப்பவர் பெயர் ஒன்று அழிந்துவிட்டால் நாளைக்கு அவருக்கு நாற்காலி இல்லை. ரத்தத்தில் விஷம் ஏறும். ஞாபகத்தை மட்டும் நம்பி அழிக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் சேர்ந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது என்று லிஸ்ட் அக்கா அதுவரை அவளைச் சட்டை செய்ததில்லை.

“ஃபில்டர் அலமாரியைப் பார்க்கலாமேக்கா. ரத்தம் சுத்தம் பண்ற ஃபில்டரை ஒவ்வொருத்தருக்கும் தனியா கழுவி, பேர் ஒட்டி வெச்சிருப்போமே. இறந்துட்டா தூக்கிப் போட்டுடுவோம்.”

நர்ஸ் ஒவ்வொரு பெயராகப் படிக்க, இவள் டிக் போட்டுக்கொண்டே வந்தாள். நாற்பத்தேழு. மீதி இருபத்து நாலு. அவற்றில் இருபத்து மூன்று முகங்களும் அவளுக்கு ஞாபகம் இருந்தன; ஒவ்வொருவரும் போன நாள்கூட. எஞ்சியது ஒருவர்: நாலாம் நம்பர் நாற்காலியின் கடிகாரக்கடைக்காரர். மகளைப் பார்க்க வெளியூர் போகிறேன், அங்கேயே டயாலிசிஸ் செய்துகொள்கிறேன் என்று ஃபில்டரைத் தூக்கி எறியச் சொல்லிவிட்டுப் போனவர். இந்த வாரம் திரும்பியிருக்க வேண்டும்; வரவில்லை. அவர் இடத்தில் தற்காலிகமாக ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார்; நிரந்தர இடத்துக்காக அவர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்.

மணி பதினொன்று ஐம்பத்து மூன்று. ஒரு வீட்டுக்குப் போன் செய்து, ‘உங்க வீட்டுக்காரர் இருக்காரா’ என்று எந்த வாயால் கேட்பது? கடிகாரக்கடைக்காரர் நம்பரை அழுத்தினாள். மனைவி எடுத்தார்.

“டயாலிசிஸ் சென்டர்லேருந்து பேசறேன்மா. சார் எப்படி இருக்கார்?”

“ஞாயித்துக்கிழமை போயிட்டாரும்மா.”

அப்படியானால் செவ்வாய்க்கிழமைச் செய்தி போயிருக்கிறது. எதற்குப் பயந்தாளோ அது ஏற்கெனவே நடந்துவிட்டது.

“எங்களுக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிடுங்க. செவ்வாய்க்கிழமை மெசேஜ் வந்திருக்குமே.”

“வந்துச்சு. துக்கத்துக்கு வந்தவங்ககிட்ட படிச்சுக் காட்டினேன். பாருங்க, அங்க இன்னும் அவரைத் தேடறாங்கன்னு.” பிறகு, “இன்னைக்கும் வருமா?” என்றார்.

“வராதும்மா. பேரை எடுத்துடறேன்.”

“சரி.” அவர் போனை வைக்கவில்லை. “அந்த நாற்காலியை யாருக்குக் கொடுக்கறீங்க?”

“ஒரு டீச்சருக்கு.”

“மத்தியானம் எதிர்க் கட்டடத்துக் கண்ணாடியில பட்டு வெயில் நேரா முகத்துல அடிக்கும்மா. கையில ஊசி இருக்கும், திரும்ப முடியாது. ஸ்கிரீனை இழுத்து விடச் சொல்லுங்க. அவர் ஆறு வருஷமும் கேக்கக் கூச்சப்பட்டுட்டு சும்மா இருந்துட்டார்.”

ஆறு வருடமும் அந்த நாற்காலிக்குப் பத்தடி தூரத்தில்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

இருபத்து நாலு வரிசைகளையும் அழித்தாள். தையல்காரரையும் அழித்தாள். டீச்சரின் பெயரை ஏற்றி, நாற்பத்தெட்டு என்று பார்த்து சேவ் செய்தபோது ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. பன்னிரண்டு அடித்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிணுகிணுத்தன.

அவள் எழுந்து நாலாம் நம்பருக்குப் போனாள். டீச்சர் கண்ணை இறுக மூடி, கழுத்தை முடிந்தவரை திருப்பி வைத்திருந்தார். பாதி முகத்தில் வெயில். ஸ்கிரீனை இழுத்து விட்டாள்.

“சொல்லியிருக்கலாமே டீச்சர்.”

“பரவாயில்லக்கா,” என்றார் டீச்சர். “பழகிடுச்சு.”