பாட்டிலக்காவும் ஐந்தில் ஒரு பங்கும்

உங்கள் வண்டி நடுவழியில் நின்றுபோனால் முதலில் யாரைத் திட்டுவீர்கள்? வண்டியையா, மெக்கானிக்கையா, காலையில் எதிரே வந்த ஆளையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். டாங்கிக்குள் இருப்பது என்ன என்று ஒருநாளாவது சந்தேகப்பட்டதுண்டா?

பாட்டிலக்கா சந்தேகப்பட்டார். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி எடுத்து வருவது அவர் வேலை. வயது நாற்பத்தாறு. அவருடைய மோட்டார் சைக்கிளுக்கு இருபத்தெட்டு. பின்சீட்டில் ஒரு பெட்டி, அதற்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பன்னிரண்டு கண்ணாடி பாட்டில்கள். போகும்போது காலி பாட்டில்கள் கலகலக்கும். வரும்போது நிறைந்த பாட்டில்கள் வாய் திறக்காது. அந்தச் சத்தத்தால் வந்த பெயர்தான் பாட்டிலக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அது அந்தப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

வேலையில் ஒரே ஒரு கறாரான விதி. தண்ணீரைப் பிடித்த நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பாட்டில் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். தாமதமானால் கிருமிகளின் எண்ணிக்கை மாறிவிடும். பிறகு அந்தத் தண்ணீர் கொட்டுவதற்குத்தான் ஆகும்.

வியாழக்கிழமைகளில் கல்குவாரிக் குடியிருப்பு. அறுபது குடும்பங்களுக்கு ஒரே தொட்டி. போகும் வழியில் கடைசிப் பதினைந்து கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது. வாரம் முழுக்க ஓடிய டாங்கி அதற்குள் வற்றிப்போயிருக்கும். அதனால் ஒரு லிட்டர் கேனில் பெட்ரோல் கொண்டுபோய், குவாரி வாசலில் ஊற்றிக்கொண்டு திரும்புவார். பல வருஷப் பழக்கம்.

திடீரென்று இரண்டு வியாழக்கிழமை தொடர்ந்து, திரும்பும் வழியில் வண்டி இருமியது, விக்கியது, நின்றது. இரண்டு முறையும் லாரியில் ஏற்றி வந்தார். இரண்டு முறையும் பன்னிரண்டு பாட்டில் தண்ணீர் சாக்கடைக்குப் போனது.

மேலாளர் கூப்பிட்டார். அவருக்கு எல்லாவற்றுக்கும் காரணம் தெரியும், விசாரிக்க வேண்டிய அவசியம் மட்டும் வந்ததே இல்லை.

"பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த ஓட்டை பைக்? இன்னொரு தடவை லேட்டானா தபால் பிரிவுக்கு மாத்திடுவேன். நல்லதுதானே? ஃபேனுக்குக் கீழ உக்காரலாம்."

"குவாரிக்கு யாரு சார் போவாங்க?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா யாரையாவது அனுப்பிக்கலாம்."

"அந்தப் பிள்ளைங்க மூணு மாசத்துக்கு ஒருக்காத்தான் தண்ணி குடிக்குமா சார்?"

மேலாளர் கோப்பைத் திறந்து முகத்தை அதற்குள் வைத்துக்கொண்டார்.

மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் ஸ்பேனர் இல்லாமல் அவரால் பேச முடியாது. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே செம்மண் குழம்பு மாதிரி துரு. பெட்ரோல் டியூபைக் கிள்ளினார். ஊறவைத்த பயறு மாதிரி உப்பி, கொழகொழவென்று இருந்தது.

"வயசாயிடுச்சும்மா. வித்துடு."

"போன வருஷம்தானேண்ணே டியூப் மாத்தினீங்க? அதுக்குமா வயசாயிடுச்சு?"

ஸ்பேனரின் ஸ்பேனர் அந்தரத்தில் நின்றது. "அதானே!" என்றார். "இந்த ஒரு மாசமா பழைய வண்டி எது வந்தாலும் இதே கதைதான். நான் டியூப் கம்பெனிக்காரனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்."

பாட்டிலக்கா நேரே பங்குக்குப் போனார். "தம்பி, இதுல என்ன கலக்கறீங்க?"

"எவ்வளவு ஊத்தணும்னு கேளுங்க, சொல்றேன். என்ன கலக்கறாங்கன்னு எனக்கு யாருக்கா சொல்றா?"

காற்றடிக்கும் குழாய்க்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பாதி கிழிந்திருந்தது. மிச்சமிருந்த பாதியில் 'எத்தனால்' என்ற சொல் இருந்தது. எவ்வளவு என்பது கிழிந்த பாதியோடு போயிருந்தது. குனிந்து படித்த அக்காவைப் பார்த்து, பின்னால் நின்றவர் ஹாரன் அடித்தார்.

படிக்கக் கிடைக்காவிட்டால் என்ன? அளக்கத் தெரிந்தவர் அல்லவா! கூடத்தில் கழித்துப்போட்ட நூறு மில்லி அளவு குழாயை எடுத்துக்கொண்டு ஸ்பேனரின் கொட்டகைக்கு வந்தார். பத்து கோடு வரை தண்ணீர். அதன்மேல் நூறு கோடு வரை பங்கிலிருந்து வாங்கிய பெட்ரோல். மூடி போட்டுக் குலுக்கி, மேஜைமேல் வைத்தார்.

"இப்ப என்ன?" என்றார் ஸ்பேனர்.

"பேசாம நில்லுங்கண்ணே."

அவருக்கு அதுதான் கஷ்டம். இருந்தும் நின்றார். கலங்கல் மெல்லத் தெளிந்தது. மேலே பெட்ரோல், அடியில் தண்ணீர். இடையில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு. பத்தில் இருந்த தண்ணீர் ஏறக்குறைய இருபத்தெட்டில் நின்றது.

"ஏய்! தண்ணி குட்டி போட்டிருக்கு! என்னம்மா மாயம் இது?"

"மாயமில்லண்ணே, சாராயம். பங்க் ஸ்டிக்கர்ல போட்டிருந்த எத்தனால்தான். பெட்ரோலோட கலந்திருந்துச்சு. தண்ணியைப் பார்த்ததும் அதுகூட ஓடிப்போயிடுச்சு. தொண்ணூறுல பதினெட்டு. அஞ்சுல ஒரு பங்கு."

"அடப்பாவிங்களா, என் வண்டிங்களுக்கு ஊத்திக் கொடுத்துட்டாங்களே!"

அதைக் குடிப்பதற்கென்றே செய்த புது வண்டிகளுக்கு ஒன்றும் ஆகாது. பழைய வண்டியின் ரப்பர் அதில் ஊறி உப்பும். டாங்கியில் இருபது வருஷமாகச் சும்மா கிடந்த துருவையும் அது கிளப்பிவிடும். ஸ்பேனர் டாங்கியை அலசினார், எத்தனாலைத் தாங்கும் டியூபும் வாஷரும் போட்டார், புது வடிகட்டி ஒன்றைச் சொருகினார். "இனிமே குதிரை!" என்று சீட்டில் தட்டினார்.

அக்காவுக்கு மனசு ஆறவில்லை. வாரம் முழுக்க ஓடுகிற வண்டி வியாழக்கிழமை மட்டும் ஏன் நிற்கிறது? பெட்ரோலுக்குக் கிழமை தெரியுமா?

புதன்கிழமை சாயங்காலம் விடை கிடைத்தது. வீட்டுக் கொல்லைக் குழாயடியில் மறுநாளுக்கான பாட்டில்களை, கூடத்தில் கிருமி நீக்கக் கொடுப்பதற்கு முன், கழுவிக்கொண்டிருந்தார். மூன்று முறை அலசு, கவிழ்த்து வை. இருபது வருஷமாகக் கை தானாகச் செய்கிற வேலை. பாட்டில்கள் முடிந்ததும், அதே கை பெட்ரோல் கேனையும் எடுத்து மூன்று முறை அலசிக் கவிழ்த்தது.

தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த கணவர் எட்டிப் பார்த்தார். "ஏம்மா, பெட்ரோல் கேனுக்குமா குளியல்?"

"அழுக்கா கொண்டுபோகச் சொல்றீங்களா?"

"அது என்ன குடிக்கிற தண்ணியா?" என்றவர் எழுந்து வந்து, கவிழ்ந்திருந்த கேனை எடுத்துக் காதருகே ஆட்டினார். களக் களக் என்றது. கைப்பிடி உள்ளே குழலாக இருந்தது. எப்படிக் கவிழ்த்தாலும் அதற்குள் தேங்கியது வெளியே வராது. சாய்த்துச் சாய்த்து வடித்தார்கள். மூன்று ஸ்பூன் தண்ணீர்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். முன்பெல்லாம் அந்த மூன்று ஸ்பூன், மூன்று ஸ்பூனாகவே இருந்தது. டாங்கிக்குக் கீழே கசடு தங்குவதற்கென்று இருக்கும் அடிக்கிண்ணத்தில் போய்த் தங்கும்; மாதம் ஒருமுறை கழற்றிக் கொட்டுவார். இப்போதோ பெட்ரோலில் இருக்கும் சாராயத்தையும் இழுத்துச் சேர்த்துக்கொண்டு பல மடங்காகிறது. வற்றிப்போன டாங்கியின் அடியில் போய் உட்கார்ந்து, முதல் ஆளாக இன்ஜினுக்குள் நுழைகிறது. வண்டி இருமாமல் என்ன செய்யும்?

அன்றைக்கே மேலாளருக்கு அறிக்கை எழுதினார். ஒரு பக்கம்தான். பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், அளந்த முறை இது. கேனில் தண்ணீர் விட்டது என் தவறு.

கணவர் படித்துப் பார்த்தார். "கடைசி வரியை எடுத்துடு. அந்த ஆளு அதையே பிடிச்சுத் தொங்குவாரு. உன் வேலைதான் போகும்."

"குழாயில கிருமி இருந்தா எழுதறேன். என் கையில இருந்தா எழுதக்கூடாதா?"

கணவர் சொன்னது தப்பவில்லை. வியாழன் காலை மேலாளர் முதல் வரிகளைத் தாண்டிக் கடைசி வரியில் போய்க் குதித்தார். "அப்ப தப்பு உங்க மேலதான்!"

"பாதி, சார். என் பாதிக்கு அந்தக் கேனைத் தூக்கிப் போட்டுட்டேன். மீதிப் பாதியை யாரு தூக்கிப் போடுவாங்க?"

"வியாக்கியானம் வேண்டாம். இன்னைக்கு ஆறு மணி நேரத்துக்குள்ள வந்தாகணும். இல்லேன்னா திங்கட்கிழமை தபால் பிரிவு."

அக்கா போனார். வழியில் கடைசி பங்கில் டாங்கியை நிரப்பினார். குவாரித் தொட்டியிலும் அதன் குழாய்களிலும் பன்னிரண்டு பாட்டில் பிடித்தார். திரும்பும்போது, முன்பு இரண்டு முறை நின்ற வளைவு வந்தது. வண்டி ஒரு முறை கனைத்தது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு கல்லில் சக்கரம் ஏறி இறங்கியிருந்தது, அவ்வளவுதான். தண்ணீர் பிடித்து நான்கு மணி நேரம் பத்து நிமிஷத்தில் பாட்டில்கள் கூடத்து மேஜைமேல் இருந்தன. மேலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தன் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டும் அவருக்குத் துரோகம் செய்தன.

வியாழக்கிழமை பாட்டிலக்காவிடமே இருக்கிறது. அந்தப் பன்னிரண்டில் ஏழு பாட்டில்களில் கிருமி இருந்தது. முடிவு வந்த மறுநாளே குவாரித் தொட்டியைக் கழுவி மருந்து போட்டார்கள். மூன்று மாதம் காத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

எத்தனால் கலக்கலாமா கூடாதா என்பது தனி வழக்கு. கலப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். அவற்றையும் அளந்து பார்ப்போம். ஆனால் புது வண்டி வாங்க முடியாதவரின் பழைய டாங்கிக்குள் ஒன்றை ஊற்றிவிட்டு, அதை முழங்கால் உயரத்தில் கிழிந்த ஸ்டிக்கரில் ஒளித்து வைப்பதற்கு என்ன காரணம் இருக்கிறது? வண்டி நின்றால் வண்டிக்கு வயசு, ஓட்டுபவர் பொம்பளை. ஊற்றியவரை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

எனவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி பழையது என்றால் இந்த வாரமே டியூபைக் கிள்ளிப் பாருங்கள். உப்பியிருந்தால் மாற்றுங்கள். அடுத்த முறை பங்குக்குப் போகும்போது, எத்தனை பங்கு எத்தனால் என்று கண் உயரத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வாயால் கேட்டால் காற்றில் போகும். காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அவர்களிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.