முன்னோக்கி நட்ட பத்து விநாடி

பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த இலவச மடிக்கணினியில்தான் அனிமேஷன் பழகினேன். சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. இணையத்தில் பார்த்து, ஐந்து விநாடி, பத்து விநாடியாகச் செய்துபார்ப்பதுதான். பந்தைக் குதிக்க வைத்தேன். பானையை உருட்டினேன். கொடி பறக்கவிட்டபோது மட்டும் நிறம் கொடுக்கவில்லை. அப்பா ஒரு கட்சி, சித்தப்பா இன்னொரு கட்சி. கொடி வெள்ளையாகவே பறந்தது, இருவருக்கும் கோபம்.

கல்லூரி முடித்த வருடம் சென்னையில் ஒரு ஸ்டூடியோ பயிற்சி வேலைக்கு ஆள் கேட்டது. உங்கள் ஊரைப் பற்றிப் பத்து விநாடிப் படம், ஞாயிறு மாலைக்குள் அனுப்ப வேண்டும். கிடைக்காவிட்டால் மன்னார்குடி உரக்கடைதான். சித்தப்பா பேசிவைத்துவிட்டார், முடிவு வரும்வரை சும்மா இருக்காமல் திங்கட்கிழமையே சேர வேண்டும்.

நடவு நடும் பெண்ணை வரைந்தேன். நான்கு நாள் உழைப்பு. புடவையைத் தூக்கிச் செருகி, இடது கையில் நாற்றுமுடியுடன், குனிந்து நட்டபடியே அழகாக முன்னேறினாள். மேலே ஒரு கொக்கு பறந்தது.

ஞாயிறு காலை அம்மாவிடம் காட்டினேன். நடவுக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவள். கூடவே நடவுக்குப் போகும் எதிர்வீட்டு அத்தையும் எட்டிப்பார்த்தார்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

“ஏண்டா, முன்னால போயா நடுவாங்க? நட்டதையெல்லாம் இவளே மிதிச்சிக்கிட்டுல்ல போறா!”

“ஒரே நாள்ல வரப்புல ஏத்தி வீட்டுக்கு அனுப்பிடுவாங்க இவள,” என்றார் அத்தை.

படிக்கிற பிள்ளை சேற்றில் இறங்கக் கூடாது என்று அம்மா என்னை வயலில் விட்டதே இல்லை. நடவு பின்னோக்கி நகர்வதைப் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறேன், மண்டையில் ஏறவில்லை.

“ஒரு நிமிஷம்,” என்று கெத்தாகச் சொல்லி, படத்தை ரிவர்ஸில் ஓடவிட்டேன். அவள் பின்னால் நகர்ந்தாள். கொக்கும் வாலை முன்னால் நீட்டிக்கொண்டு பறந்தது. அதைவிட மோசம், நட்ட நாற்று ஒவ்வொன்றாகச் சேற்றிலிருந்து கிளம்பி அவள் கைக்கே திரும்பி வந்தது.

அம்மா முறைத்தாள். “அன்னிக்கிக் குத்தகைத் தகராறுல பண்ணை ஆளுங்க வந்து நட்டதப் புடுங்குனானுவ. இன்னிக்கி எம்புள்ள கம்ப்யூட்டர்ல புடுங்குறான்.”

“அந்தப் பக்கம் சேந்துட்டாண்டி ஒம்மவன்!” என்றார் அத்தை.

“போதும். நீயே நட்டுக் காட்டும்மா,” என்றேன்.

அம்மா ஒரு கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு, கூடத்தில் குனிந்து பின்னால் நகர்ந்தாள். செல்போனில் பிடித்தேன். பாதியில் இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். “பின்னாடி கொடம் இருக்குல்ல, அதான்,” என்றாள். மறுபடி குனிந்தாள்.

அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்தி, அதன் மேலேயே கோடு இழுத்து வரைந்தேன். யோசிக்க நேரமில்லாததால் அந்தத் திரும்பலும் சேர்ந்தே வந்துவிட்டது. கொக்கைத் தூக்கிவிட்டேன். ஆறு மணிக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை உரக்கடையிலிருந்து வந்து சோற்றில் கைவைத்தபோது போன் வந்தது. எச்சில் கை, அம்மாதான் ஸ்பீக்கரில் போட்டாள். ஸ்டூடியோக்காரர்.

“சேறு சரியில்லீங்க தம்பி, கையும் சரியில்ல. ஆனா அந்தம்மா நடுவுல நிமிந்து திரும்பிப் பாக்குறாங்க பாருங்க, அதுக்காகத்தான் கூப்புடுறோம். ஒண்ணாந்தேதி வந்துடுங்க.”

அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“அப்ப வேல ஒனக்கா, எனக்காடா?”