தண்ணீருக்கு வந்த பறவைக் காய்ச்சல்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒன்வே அக்காவைத் தெரியாதவர் யாரும் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. பண்ணைகளிலிருந்து வரும் கோழிகளுக்கு என்ன வைரஸ் தொற்றியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அக்காவின் வேலை. பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்கிறார். அதைப் பற்றி நம்மிடம் பேச ஆரம்பித்தால் நமக்கே தொண்டை கரகரக்கும்.

வேலை மூன்று அறைகளில் நடக்கும். முதல் அறையில் மருந்துக் கலவை தயாராகும். இரண்டாவது அறையில், கோழியின் தொண்டையில் தடவி எடுத்த பஞ்சுக்குச்சியிலிருந்து பிரித்ததை அதில் ஒரு சொட்டு விடுவார்கள். பிறகு ஒரு மெஷின், வைரஸின் துணுக்கு அதில் இருந்தால் ஒன்றைக் கோடியாகப் பெருக்கிக் கொடுக்கும். மூன்றாவது அறையில் அந்தக் குழாய்களைத் திறந்து, ஜெல்லில் ஓடவிட்டு, நீல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கோடு மின்னினால் வைரஸ் உண்டு, மின்னாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்தக் கோடித் துணுக்குகளில் ஒரு தூசு முதல் அறைக்குத் திரும்பிப் போய்விட்டால், அப்புறம் எதைச் சோதித்தாலும் கோடு மின்னும். அதனால் ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று போகலாம். திரும்பி வரக்கூடாது, ஒன்வே. அறைக்கு ஒரு கோட்டு, ஒரு செருப்பு, ஒரு பேனா. மறந்து திரும்பி நடந்தவர்கள் அக்காவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டதைத் தனிக்கதையாகவே எழுதலாம்.

இந்தச் சட்டத்தை அக்கா ஆபீசோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சமையலறை ஒன்றாம் அறை, கூடம் இரண்டு, கணவர் வாட்ச் ரிப்பேர் செய்யும் மேஜை மூன்று. கூடத்துக்கு வந்த டம்ளர் கழுவாமல் சமையலறைக்குள் போகாது. மேஜைக்குப் போன எதுவும் எங்குமே போகாது. மாமியார் ஒருநாள் வெற்றுக் கையோடு சமையலறைக்குள் திரும்பப் போய், “கை எங்கேயிருந்து வருது?” என்று விசாரிக்கப்பட்டார். கை தோளிலிருந்து வருகிறது என்று அவர் சொன்ன பதில் எடுபடவில்லை.

ஒரு மாதமாக அக்காவின் மூக்குக்கண்ணாடி வழுக்கிக்கொண்டிருந்தது. ஓரத்துத் திருகாணி லூஸ். கணவர் கையில் பொடி ஸ்க்ரூடிரைவரே இருந்தது. “குடு, ரெண்டு நிமிஷ வேலை” என்று தினமும் கேட்டார். எண்ணெயும் ஊரார் மணிக்கட்டு வியர்வையும் படிந்த அந்த மேஜைக்குப் போன கண்ணாடி திரும்பித் தன் மூக்குக்கு வருவதா என்று அக்கா மறுத்துவிட்டார். விரலால் மேலே தள்ளித் தள்ளியே காலத்தை ஓட்டினார்.

அந்தப் புதன்கிழமை ஒரு பண்ணையிலிருந்து ஆறு மாதிரிகள் வந்தன. மூவாயிரம் கோழிகள், முட்டை சட்டென்று குறைந்துவிட்டது. பறவைக் காய்ச்சலாக இருந்தால் மூவாயிரத்தையும் அழித்துப் புதைக்க வேண்டும் என்பது விதி. வெள்ளி மதியத்துக்குள் காய்ச்சல் இல்லை என்று எழுத்தில் வராவிட்டால், சந்தேகத்தின் பேரிலேயே அழித்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பண்ணைக்காரர் மணிக்கு ஒருதரம் போன் செய்தார். கோழிகள் நன்றாகத் தின்கின்றன, நடக்கின்றன, சண்டைகூடப் போடுகின்றன என்று டைரக்டரிடம் நிலவரம் சொல்லிக்கொண்டே இருந்தார். மனுஷனுக்கு அந்தப் பண்ணையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

ஒவ்வொரு சோதனையிலும் ஒரு குழாயில் வெறும் தண்ணீர் வைப்பார்கள். அதில் கோடு வரவே கூடாது. வந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு ஆறு மாதிரியும் மின்னின. கூடவே தண்ணீரும் மின்னியது. அக்கா கலவையைக் கொட்டிவிட்டு, புது பாட்டில் உடைத்து, வியாழன் காலையில் மறுபடி செய்தார். அப்போதும் தண்ணீருக்குக் காய்ச்சல்தான்.

டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவுக்கோ சந்தேகமே இல்லை. யாரோ ஒருவழிப் பாதையில் எதிரே வந்திருக்கிறார்கள். அந்த யாரோ, மூன்று அறைகளையும் துடைக்கிற பெண்தான். மூன்றாம் அறை மாப்பை ஒன்றாம் அறைக்குக் கொண்டுவந்திருப்பாய் என்று வராந்தாவில் நாலு பேர் முன்னால் அக்கா பிடிபிடியென்று பிடித்தார். மாப்புகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் போட்டுக் கொடுத்ததே அக்காதான், ஒருநாளும் மாற்றியதில்லை என்று அந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம் அக்காதான் என்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், அன்றைக்கு அவர் பேசிய பேச்சு அநியாயம்.

எல்லாப் பொருளையும் பஞ்சுக்குச்சியால் தடவி, அதையே சோதித்துவிடலாம் என்று முடிவானது. மூன்று மாப்பு, கதவுப் பிடி, பிரிட்ஜ் பிடி, டைரக்டரின் பேனா. அக்கா வரிசையாகத் தடவிக்கொண்டு வந்தார். துடைக்கிற பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

“என் மாப்பைத் தொட்டீங்கல்ல அக்கா, உங்க கண்ணாடியையும் தொடுங்க.”

“கண்ணாடிக்கு என்ன வந்துச்சு?”

“கோட்டு மாத்துறீங்க, செருப்பு மாத்துறீங்க. கண்ணாடியை மாத்தலையே. ஜன்னல் வழியா தினமும் பாக்குறேன், கிளவுஸ் போட்ட கையாலதான் மேல தள்ளுறீங்க. மூணாவது ரூம்லயும் அப்படித்தான், மறுநாள் ஒண்ணாவது ரூம்லயும் அப்படித்தான்.”

அக்காவின் விரல் அப்போதும் பாதி வழி ஏறிவிட்டிருந்தது. அதை இறக்கிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி அவரே பஞ்சுக்குச்சியால் தடவினார்.

இப்போது கலவை செய்வது யார்? அக்காவும் சந்தேகப் பட்டியலில் இருந்ததால் டைரக்டரே செய்வது என்று ஆயிற்று. பதினைந்து வருஷமாகக் கையெழுத்து மட்டுமே போட்ட கை அது. ஒரு சொட்டு விடுவதற்குள் அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அக்கா கண்ணாடி இல்லாமல் கதவுக்கு வெளியே நின்று, மங்கலாகத் தெரிந்த ஓர் உருவத்தை அதட்டி அதட்டி வேலை வாங்கினார்.

சாயங்காலம் நீல வெளிச்சத்தைப் போட்டார்கள். மாப்பு மூன்றும் இருட்டு. பிடிகள் இருட்டு. பேனா இருட்டு. தண்ணீர், இரண்டு நாளில் முதல்முறையாக, வெறும் தண்ணீராக இருந்தது. ஒரே ஒரு கோடு மின்னியது. அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமலேயே அது தெரிந்தது.

வெள்ளி காலை கண்ணாடி அரை மணி நேரம் பிளீச்சில் ஊறியது. கறுப்பு பிரேம் வெளுத்து, எந்த நிறம் என்று சொல்ல முடியாத நிறமாகிவிட்டது. தலையுறையின் எலாஸ்டிக்கை வெட்டிக் காதுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டி, அக்கா முதல் அறைக்குள் போனார். பதினொன்றரைக்கு விடை வந்தது. தண்ணீர் சுத்தம், ஆறு மாதிரியும் சுத்தம். இன்னொரு சோதனையில் வேறொரு சாதாரண வைரஸ்தான் அகப்பட்டது. அதற்கு முட்டை குறையும், கொஞ்ச நாளில் கோழிகள் தேறிவிடும். டைரக்டர் போனில் சொன்னபோது பண்ணைக்காரர் போனை அப்படியே வைத்துவிட்டுக் கொட்டகைக்கு ஓடினார். பின்னணியில் கோழிச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது.

தப்பு நடந்தால் எழுதுவதற்கென்று ஒரு நோட்டு உண்டு. பதினெட்டு வருஷமாக அதில் யார் யார் பெயரோ அக்காவின் கையெழுத்தில் இருந்தது. அன்று தன் முழுப்பெயரை எழுதினார். அக்காவுக்கு அப்படியொரு பெயர் இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. பிறகு வராந்தாவுக்குப் போய், முந்தின நாள் கத்திய அதே இடத்தில், அதே நாலு பேர் முன்னால், துடைக்கிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தப்பு என்னோடது தங்கச்சி. உன்னைப் பேசினதுதான் அதைவிடப் பெரிய தப்பு.”

அவள் ஈரத்தரையைக் காட்டி, பார்த்து நடக்கச் சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் தன் கையாலேயே கணவரின் மேஜையில் வைத்தார். அவர் திருகாணியை முடுக்கினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்கா எடுக்கக் கை நீட்டியபோது கூடத்திலிருந்து மாமியார் குரல் வந்தது.

“அது மூணாவது ரூமாச்சே, எப்படித் திரும்பி வருது?”

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எடுத்து மாட்டிக்கொண்டார்.

இப்போது கண்ணாடி இறங்குவதே இல்லை. ஆனால் ஒரு மாதப் பழக்கம், விரல் மட்டும் தானாக மேலே கிளம்பும். கிளம்பினால் ஜன்னலில் மாப்புக் கட்டையால் ‘டொக்’ என்று ஒரு தட்டு விழும். ஒன்வே அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், கையை வந்த வழியே இறக்கிவிடுவார்.